கீறலும் மங்கலும்: கார் பெயிண்ட்டை அறிகுறி பார்த்து வீட்டிலேயே மீட்பது

காரில் கீறல் கண்ணில் பட்டதும் பலரும் முதலில் தேடுவது காம்பவுண்ட் எனப்படும் தேய்ப்புப் பசை டப்பாவைத்தான். சில பழுதுகளுக்கு அது சரியான மருந்து. சிலவற்றில் அதுவே இருக்கிற பெயிண்ட்டையும் தின்றுவிடும். பழுது எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையில் எதை எடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

இன்றைய கார்களில் தகட்டை ஒட்டி இருப்பது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. பளபளப்பு அங்கேதான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்த மெல்லிய படலம்தான். பாலிஷ், அதாவது காம்பவுண்ட்டைவிட நுண்ணிய தேய்ப்புப் பசை, போடும்போது கீறலைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட் கீறலின் அடிமட்டம் வரை தேய்ந்து இறங்குகிறது, அதனால்தான் கீறல் மறைகிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. ஆகவே வேலைக்குப் போதுமான மிக மென்மையான வழியில் தொடங்குங்கள், போதும் என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

தொடங்கும் முன் நான்கு சோதனைகள்

காரை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, நிழலில், தகடு சூடில்லாதபோது இவற்றைச் செய்யுங்கள். அழுக்குக்கு மேல் செய்தால் சோதனையே புதுக் கீறல் போட்டுவிடும்.

முதலாவது தண்ணீர்ச் சோதனை. கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பழுது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவதாலேயே பிரைமர் வெளிவந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கிளியர் கோட்டில் விழும் கீறலின் ஓரங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்புக் காரில்கூட அது வெள்ளைக் கோடாகத்தான் தெரியும்.

அடுத்தது நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை அழுத்தாமல் இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷில் சரியாகும். நகம் தட்டினால் கீறல் ஆழமானது. அதை முழுவதும் தேய்த்து எடுக்க நினைப்பது ஆபத்து.

மூன்றாவது வெள்ளைத் துணிச் சோதனை. கண்ணில் படாத ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட். பழைய கார்களிலும், மெட்டாலிக் அல்லாத சில வெள்ளை, சிவப்பு வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். நிறத்துக்கு மேல் கிளியர் கோட் உள்ள பெயிண்ட் என்று உறுதியாகத் தெரிந்த காரில் துணியில் நிறம் ஏறுகிறது என்றால், அந்த இடத்தில் கிளியர் கோட் தேய்ந்துபோய்விட்டது. அங்கே உடனே நிறுத்துங்கள்.

நான்காவது, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, கழுவிய பரப்பில் மெதுவாக நகர்த்துவது. வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாக நன்றாகத் தெரியும்.

மேட் பெயிண்ட், அதாவது வேண்டுமென்றே பளபளப்பில்லாமல் அடித்த பெயிண்ட், உள்ள காருக்கு இனி சொல்லப்போகும் எந்தத் தேய்ப்பு வேலையும் பொருந்தாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை.

அறிகுறி: வெயிலிலோ விளக்கிலோ பார்த்தால் வட்ட வட்டமான நுண்கீறல்கள்

உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. காரணம் பெரும்பாலும் கழுவும் முறைதான்: தூசியை உலர்ந்த துணியால் தட்டுவது, கீழே விழுந்த துணியை அப்படியே எடுத்துத் துடைப்பது, ஒரே வாளித் தண்ணீரில் மண்ணோடு மண்ணாகத் துணியை முக்குவது.

இதற்கு ஏற்ற கருவி டூயல் ஆக்‌ஷன் பாலிஷர். அதன் தட்டு சுழன்றுகொண்டே அலைவதால் சூடு ஓரிடத்தில் சேராது. அலையாமல் ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷர் வேகமாக வேலை முடிக்கும், ஆனால் பழகாத கையில் சில நொடிகளில் ஓரத்தைச் சுட்டுவிடும். முதன்முறை செய்பவர் ரோட்டரியைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மென்மையான ஃபோம் பேட், மிக நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷ் இரண்டையும் எடுத்துக்கொண்டு பானட்டில் ஒரு சிறு சதுரத்தில் மட்டும் முயன்று பாருங்கள். 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் போதும். பேட்டில் பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு விட்டு, மெஷினை ஓடவிடும் முன் அந்தப் பரப்பில் தடவிக்கொள்ளுங்கள். பிறகு முந்தைய வரியில் பாதியை மூடுவது போல இடவலமாகவும் மேல்கீழாகவும் மெதுவாக நகர்த்துங்கள். மெஷினின் எடையோடு லேசான அழுத்தம் சேர்ந்தால் போதும். நான்கு முதல் ஆறு முறை போய்வந்ததும் துடையுங்கள். அதன் பிறகு, தண்ணீரில் 10 முதல் 15 சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு விளக்கடியில் பாருங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி, சரியாகிவிட்டதுபோல் காட்டும். ஆல்கஹால் துடைப்புக்குப் பிறகு தெரிவதுதான் உண்மை நிலவரம்.

கீறல் குறையவில்லை என்றால் முதலில் பேட்டை ஒரு படி கடினமாக்குங்கள், அதற்குப் பிறகுதான் பாலிஷை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் தேவைக்கு மேல் தேய்த்துவிடுவீர்கள். அந்தச் சதுரத்தில் சரியாக வந்த சேர்க்கையை மட்டும் முழுக் காருக்கும் பயன்படுத்துங்கள். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை பாருங்கள்.

மெஷின் இல்லாமல் கையாலும் செய்யலாம். பளபளப்பு கூடும், நுண்கீறல் குறையும், முழுதாகப் போகாது.

கழுவும் முறையை மாற்றாவிட்டால் சில மாதங்களில் எல்லாம் திரும்ப வந்துவிடும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள், மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி வையுங்கள். துடைக்கத் தடித்த மைக்ரோஃபைபர் துணி நல்லது.

அறிகுறி: தனிக் கீறல், நகம் தட்டவில்லை

கைப்பிடிக் குழியில் நகம் பட்ட கோடுகள், செடி உரசிய கோடுகள் எல்லாம் இந்த வகை. மைக்ரோஃபைபர் பேடில் சிறிது காம்பவுண்ட் எடுத்துக் கீறலிலும் அதைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்திலும் தேயுங்கள். கீறலின் மேல் மட்டும் விரலால் அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். கீறல் போனதும் அதே இடத்தில் நுண்பாலிஷ் போட்டு முடியுங்கள். அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் பற்பசை போதும் என்று அடிக்கடி சொல்கிறார்கள். பற்பசையிலும் தேய்க்கும் துகள் உண்டு என்பது சரிதான். அது பற்களுக்காகச் செய்தது, பெயிண்ட்டில் எவ்வளவு சீராகத் தேய்க்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் கீறல் மறைவது தண்ணீர் தடவினால் மறைவதைப் போன்றதுதான். எண்ணெய் போனதும் கீறல் திரும்பிவிடும்.

அறிகுறி: நகம் தட்டுகிறது, ஆனால் நிறம் மாறவில்லை

மனம் நிதானமாக முடிவெடுக்க வேண்டிய இடம் இது. கீறல் கிளியர் கோட்டின் அடி வரை போயிருக்கலாம். அதை முழுவதும் மறைக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் அந்த ஆழம் வரை இறக்க வேண்டும். இறக்கினால் இன்று அழகாக இருக்கும், ஆனால் மெலிந்த அந்த இடம் சில வருட வெயிலில் முதலில் உரியத் தொடங்கும். ஒரு கோடு அரைகுறையாகத் தெரிவதைவிட அது பெரிய இழப்பு.

எனவே என் பரிந்துரை, கீறலின் கூர்மையான ஓரங்களை மட்டும் மழுக்குவது. காம்பவுண்ட்டும் பாலிஷும் போட்டால் ஓரங்கள் உருண்டுவிடும், ஒளி சிதறுவது குறையும், நின்று பார்க்கும் தூரத்தில் கோடு கண்ணை உறுத்தாது. ஆழத்தில் மிஞ்சியிருக்கும் கோட்டை விட்டுவிடுங்கள்.

வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், பிடிக்கத்தான் வேண்டும் என்றால், பெயிண்ட்டின் தடிமன் காட்டும் மீட்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். சாதாரண மீட்டர் உலோகத் தகட்டின் மேல்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் எதுவும் காட்டாது. மீட்டர் காட்டுவதும் எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தத்தைத்தான். பக்கத்துப் பகுதிகளோடு ஒப்பிட்டு, இந்த இடம் ஏற்கெனவே தேய்ந்ததா என்று அறியத்தான் அது உதவும். அளவு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்தால், அடியில் பட்டி பார்த்து மறு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வேலை 2000 அல்லது 2500 எண் பேப்பரில் தொடங்கி 3000-இல் முடிய வேண்டும். பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, சிறு ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரை விட்டுக்கொண்டே, அழுத்தாமல், ஒரே திசையில் தேயுங்கள். வழிந்தோடும் நீர் வெண்மையாக இருக்கும்வரை கிளியர் கோட்டில் இருக்கிறீர்கள். காரின் நிறம் கலந்து வந்தால் அதைத் தாண்டிவிட்டீர்கள். வெள்ளைக் காரில் இந்த எச்சரிக்கையும் கிடைக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். தேய்த்த இடம் மங்கிப்போய்த்தான் இருக்கும். காம்பவுண்ட், அதன் பின் பாலிஷ் போட்டதும் பளபளப்பு திரும்பும்.

அறிகுறி: கீறலுக்குள் சாம்பல், வெள்ளை அல்லது உலோக நிறம்

பிரைமரோ தகடோ தெரிகிறது என்றால் தேய்ப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை, நிரப்பத்தான் வேண்டும். இரும்புத் தகடு தெரிந்தால் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். ஈரம் பட்டதும் துரு தொடங்கிவிடும், தொடங்கியபின் பெயிண்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். பிளாஸ்டிக் பம்பர் என்றால் அந்த அவசரம் இல்லை.

முதலில் நிறக் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் அல்லது பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தகவல் பட்டையில் அது இருக்கும். வெள்ளை என்று மட்டும் கேட்டு வாங்கும் டச்-அப் பெயிண்ட் (சிறு பழுதை நிரப்பச் சிறு பாட்டிலில் வரும் பெயிண்ட்) ஒருபோதும் பொருந்தாது. குறியீடு சரியாக இருந்தாலும், வருடக்கணக்கில் வெயில் பார்த்த பெயிண்ட்டுக்கும் புதிதுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். மெட்டாலிக் நிறத்தில் இது இன்னும் கூடும், ஏனென்றால் பிரஷ்ஷில் வைக்கும்போது உலோகத் துகள்கள் ஸ்ப்ரேயில் படிவதைப் போலப் படுக்காது. இரண்டடி தள்ளி நின்றால் தெரியக் கூடாது என்பதை இலக்காக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

1. கழுவி உலர்த்தி, ஆல்கஹாலில் துடைத்து, மெழுகும் எண்ணெயும் போன பிறகு தொடங்குங்கள். மெழுகின் மேல் வைத்த பெயிண்ட் அடுத்த கழுவலிலேயே உரிந்துவரும்.

2. துருப் புள்ளி இருந்தால் நுண்ணிய உப்புத்தாளைப் பென்சில் முனையில் சுற்றி, துரு மட்டும் போகும்வரை சுரண்டுங்கள். குழிக்குள் மிஞ்சியதற்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் ஒரு சொட்டு. அதில் பெரும்பாலும் அமிலம் இருப்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

3. உலோகம் தெரியும் இடத்தில் மட்டும் பிரைமர். பிரைமர் ஏற்கெனவே இருந்தால் இந்தப் படி வேண்டாம். பிளாஸ்டிக் வெளியே தெரிந்தால் அதற்கென்று இருக்கும் பிடிப்புப் பூச்சைத் தடவுங்கள்.

4. டச்-அப் பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் விடாமல் குலுக்குங்கள். மூடியோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தேவைக்கு மேல் தடிமன். பல்குச்சியின் நுனி அல்லது ஓவியம் வரையும் மிக மெல்லிய பிரஷ் நல்லது. பெயிண்ட் பள்ளத்துக்குள் மட்டும் இறங்க வேண்டும், ஓரத்தில் வழியக் கூடாது.

5. ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். பெயிண்ட் காயும்போது சுருங்கும். மெல்லிய அடுக்காக வைத்து, பாட்டிலில் சொன்ன நேரம் காயவிட்டு, அடுத்ததை வையுங்கள். மூன்று நான்கு அடுக்கு ஆகலாம்.

6. நிறம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்போது கிளியர் கோட்டை வைத்து, சுற்றுப் பரப்பைவிட ஒரு துளி மேலே நிற்கும்படி முடியுங்கள்.

7. குறைந்தது ஒரு வாரம் பொறுத்து, 2500, 3000 பேப்பரில் அந்த மேட்டை மட்டும் சமன்செய்து பாலிஷ் போடுங்கள்.

கடைசிப் படி கட்டாயமில்லை. சிறு மேடாக விட்டாலும் தகடு பாதுகாப்பாகத்தான் இருக்கும். முதன்முறை செய்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் இரண்டு பாகக் கிளியர் கோட் நல்ல உறுதி தரும். அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கும், அது நுரையீரலுக்கு மிகக் கெடுதி. தூசி மாஸ்க் இதற்குப் போதாது. தகுந்த கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக் கவசமும் காற்றோட்டமான இடமும் இல்லாமல் அதை அடிக்காதீர்கள்.

அறிகுறி: பெயிண்ட் கொப்பளித்து நிற்கிறது

கொப்பளத்தை அழுத்தினால் உடைந்து பழுப்புப் பொடி கொட்டினால் துரு அடியிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரிவதைவிட அது பரவியிருக்கும் பரப்பு பெரியது. மேலே டச்-அப் தடவி மூடினால் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுரண்டி, எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் நிறம் ஏற்ற வேண்டும். சுரண்டும்போது ஓட்டை விழுந்தால், அல்லது கொப்பளம் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டத்தில் இருந்தால், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. வண்டியின் உறுதி சம்பந்தப்பட்டது, தகடு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

அறிகுறி: பளபளப்பே இல்லை, வெளுத்துக் கிடக்கிறது

பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் மூன்று வேறு நோய்கள் இவை. முதல் இரண்டும் மீளும், மூன்றாவது மீளவே மீளாது.

விரலால் தேய்த்தால் காரின் நிறத்தில் பொடி ஒட்டுகிறதா? அப்படியானால் ஒற்றை அடுக்குப் பெயிண்ட் வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. மேல்தோல் மட்டும் செத்திருக்கிறது, அடியில் நல்ல நிறம் இருக்கிறது. சிவப்பு வண்டி ரோஜா நிறத்துக்கு மாறி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். நுண்பாலிஷில் தொடங்கி, போதாவிட்டால் காம்பவுண்ட் போடுங்கள். பேட்டில் நிறம் ஏறும், அது இயல்பு. பேட் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒருமுறை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பத்து வயதைத் தாண்டிய வண்டி ஒரு பகலில் இப்படி நிறம் திரும்பி நிற்பதைப் பார்ப்பது உண்மையான மகிழ்ச்சி. முடித்த அன்றே மெழுகோ, சீலண்ட் எனப்படும் செயற்கைக் காப்புப் பூச்சோ போட்டுவிடுங்கள். கிளியர் கோட் இல்லாத பெயிண்ட்டுக்கு அதுதான் கவசம்.

பொடி ஒட்டவில்லை, தகடு முழுதும் மெலிதாக மங்கியிருக்கிறது, பரப்பு இன்னும் வழுவழுப்பாக இருக்கிறது என்றால் கிளியர் கோட்டின் மேற்பகுதி மட்டும் களைத்திருக்கிறது. நுண்கீறலுக்குச் சொன்ன முறையே போதும்.

ஆனால் ரூஃபிலும் பானட்டிலும் வெண்திட்டுகள், ஓரம் கிழிந்த தோல்போல் உரிந்து நிற்பது, நகத்தால் தூக்கினால் செதிலாக வருவது இவையெல்லாம் கிளியர் கோட் செத்துவிட்டதற்கு அடையாளம். மெஷின் போட்டால் உரியும் ஓரம் இன்னும் பெரிதாகும். காம்பவுண்ட், மெழுகு, செராமிக் கோட்டிங் எதுவும் இதைத் திருப்பாது. அந்தத் தகட்டை முழுதாகத் தேய்த்து மறு பெயிண்ட் அடிப்பதுதான் தீர்வு. உடனே அடிக்க முடியாவிட்டால் வண்டியை நிழலில் நிறுத்துங்கள், தளர்ந்த ஓரங்களைச் சுரண்டாமல் மென்மையாகக் கழுவுங்கள், அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். திட்டு பரவும் வேகமாவது குறையும்.

அறிகுறி: கழுவியும் போகாத வட்டக் கறைகள், எச்சத் தடங்கள்

உப்பு நீர் காய்ந்து விட்டுப்போன வெண்வட்டம் என்றால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, நிழலில், ஒன்றிரண்டு நிமிடம் ஈரத்துணியாகப் போட்டு எடுத்து நன்றாக அலசுங்கள். சுண்ணாம்புப் படிவு அமிலத்தில் கரைந்துவிடும். வட்டம் போன பிறகும் பள்ளமாகத் தடம் தெரிந்தால் அது பெயிண்ட்டையே அரித்திருக்கிறது, பாலிஷ்தான் வழி.

பறவை எச்சத்தை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, அதில் மண்ணும் விதையும் இருக்கும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். வெயிலில் தகடு சூடேறும்போது எச்சத்தின் வேலையும் வேகமாகும், ஒரு பகல் முழுக்க விட்டாலே தடம் விழலாம். மரப்பிசினுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தாருக்குத் தார் நீக்கி. எதைத் தொட்டாலும் பிறகு அந்த இடத்தில் மெழுகு போயிருக்கும், திரும்பப் போடுங்கள்.

அறிகுறி: தொட்டால் சொரசொரப்பு, வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள்

பிரேக்கிலிருந்தும் ரயில் பாதை, பட்டறை போன்ற இடங்களிலிருந்தும் பறந்துவரும் இரும்புத் தூள் பெயிண்ட்டில் குத்தி நின்று துருப்பிடிக்கிறது. கார் துருப்பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம். இரும்பு நீக்கித் திரவத்தை அடித்தால் தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். காயவிடாமல் கழுவுங்கள். மிச்சத்துக்குக் கிளே, அதாவது பரப்பில் ஒட்டிய துகளைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி: வழுக்கும் திரவம் தாராளமாக விட்டு, அழுத்தாமல் நகர்த்தி, அழுக்கேற அழுக்கேற மடித்துப் புதுமுகம் எடுங்கள். கீழே விழுந்த கிளேயை எறிந்துவிடுங்கள், அதில் ஒட்டிய மணல் கார் முழுக்கக் கோடு போடும். பாலிஷ் போடுவதற்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: வேறு வண்டியின் அல்லது சுவரின் நிறம் ஒட்டியிருக்கிறது

பெரும்பாலும் நம் பெயிண்ட் அடியில் பத்திரமாக இருக்கும். முதலில் கிளே, பிறகு கையால் காம்பவுண்ட். தின்னரைக் கொண்டு துடைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. மறு பெயிண்ட் அடித்த தகடாக இருந்தால் அது அந்தப் பெயிண்ட்டையே கரைத்துவிடலாம்.

அறிகுறி: பாலிஷ் போட்ட பிறகு முன்னைவிட மோசம்

காம்பவுண்ட் போட்டதும் புகைபோல் மங்கல் தெரிந்தால் அது காம்பவுண்ட் விட்ட நுண்தடம், நுண்பாலிஷில் போய்விடும். வளைந்து வளைந்து ஒளி ஓடினால் ரோட்டரியின் தடம். டூயல் ஆக்‌ஷனில் மென்மையான பேட் போட்டு எடுங்கள். பாலிஷ் துடைக்கவே வராமல் ஒட்டிக்கொண்டால் தகடு சூடாக இருக்கிறது, அல்லது அளவு கூடிவிட்டது. நிழலுக்கு நகர்த்தி, அதே பாலிஷில் ஒரு சொட்டு மேலே விட்டுத் துடைத்தால் இளகும். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையில் வெள்ளைத் தடம் படிந்திருந்தால் மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்பு நீரும் போதும், அடுத்த முறை டேப் ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு காப்பு தேவை. மெழுகு சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நிற்கும், சீலண்ட் ஏறக்குறைய அரை வருடம், ஒழுங்காகப் போட்ட செராமிக் ஒரு வருடத்துக்கு மேல். செராமிக் போட்டால் கீறலே விழாது என்று நம்பிவிடாதீர்கள். அதன் படலம் மிக மெல்லியது, அடியில் இருக்கும் கீறலை அப்படியே பூட்டிவைக்கவும் செய்யும். புதிதாகப் பெயிண்ட் அடித்த தகட்டில் மட்டும், அடித்தவர் சொல்லும் காலம் வரை எந்த மெழுகையும் போடாதீர்கள். பெயிண்ட்டிலிருந்து கரைப்பான் ஆவியாக வெளியேறி முடிய ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.